நாளாந்த உடுப்பும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாளாந்த உடுப்பைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது துணியின் தன்மை. ஈரப்பதம் மிகுந்த கடற்காற்றில் பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாமல் உடலோடு ஒட்டும்; நூல் சேலையும் பருத்திச் சட்டையும் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும். சேலையின் கரையும் முக்கியம்: ஒடுங்கிய கரை கட்டையானவரை உயர்த்திக் காட்டும், அகன்ற கரை நெடியவருக்கே எடுப்பு.

நிறத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடை விளக்கில் நிறம் வேறாகத் தெரியும். துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து முகத்தருகே பிடித்துப் பார்க்க வேண்டும். கிணற்று நீரையும் மறக்கக்கூடாது. குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணக்கல் பாறையில் தேங்குவதால் வன்னீராக இருக்கும். அந்த வன்னீரில் சவர்க்காரம் எளிதில் நுரைக்காது; அது படிவாகித் துணியில் தங்குவதால் கறுப்பும் கடும் நீலமும் விரைவில் சாம்பல் பூக்கும். சந்தனம், இளம்பச்சை போன்ற வெளிர் நிறங்களில் அந்தப் படிவு அவ்வளவாகத் தெரியாது. அன்றாடத்துக்கு அவையே நல்ல தெரிவு.

சேலைச் சட்டையின் பருத்தி லைனிங் துணியை இரவு முழுக்க ஊறவைத்து, காயவிட்ட பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் தோய்ப்பிலேயே அது சுருங்கி மேல்துணியை இழுத்துவிடும்.