கணினி ஒப்புருவாக்கமும் அதன் விலையும்

ஒரு பொருளைச் செய்து, அதனை உடைத்துப் பார்த்து, உடைந்தவிடத்தைத் திருத்தி மீண்டுஞ் செய்தல் பொறியியலின் பழைய வழியாகும். நம்பத்தக்க வழியேயாயினும் பெருஞ் செலவுடையது. மோட்டார் வண்டியொன்றை உடைத்துப் பார்க்கலாம். அணைக்கட்டை அவ்வாறு செய்தல் இயலுமா? இவ்விடர்ப்பாட்டை நீக்க உதவுவதே கணினி ஒப்புருவாக்கம். பொருளைச் சிறு துண்டங்களாகப் பகுத்ததாகக் கொண்டு, ஒவ்வொரு துண்டமும் விசைக்கு எவ்வாறு இணங்குமென்பதைச் சமன்பாடுகளால் அமைத்து, அவையனைத்தையும் ஒருங்கே தீர்ப்பது கணினியின் வேலை. இதனை முடிவுள்ள மூலக முறை என்பர்.

இதன் பயன் வெளிப்படை. 1986 ஆம் ஆண்டில் ஜேர்மனியில் வொக்ஸ்வாகன் போலோ வண்டி சுவரில் மோதுவது இம்முறையாற் கணிக்கப்பட்டது. மாதிரி வண்டியொன்றைக் கையாற் செய்து நொறுக்குவதற்காகுஞ் செலவையும் பல மாத உழைப்பையும் நோக்க, கணிப்பின் செலவு அற்பமே.

ஆனால் செலவு கணினியின் விலையோடும் நிரலின் விலையோடும் முடிவதன்று. துண்டங்களின் பக்கவளவைப் பாதியாக்கினால் அவற்றின் தொகை எட்டு மடங்காகும். மோதல் போன்ற விரைவான நிகழ்ச்சிகளிலே காலப்படியும் பாதியாதல் வேண்டுமாதலால் வேலை பதினாறு மடங்காகும். எனவே துண்டங்களைப் பெரியனவாகவே விட்டுவிடும் ஆசை எந்திரிக்கு என்றுமுண்டு. இவ்வாசை எத்துணை விலை பெறுமென்பதை நோர்வே நாட்டிலே கண்டனர்.

வட கடலில் 82 மீற்றர் ஆழத்தில் நிற்றற்கென ஸ்லைப்னர் ஏ என்னும் எரிவாயு மேடைக்குக் கொங்கிறீற்று அடித்தளம் கட்டப்பட்டது. இருபத்து நான்கு அறைகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பது அதன் அமைப்பு. மூன்று அறைகள் கூடுமிடத்தே எஞ்சும் முக்கோண இடைவெளியிற் கடல்நீர் புகுந்து அறைச்சுவர்களை அழுத்தும். மேற்றளத்தைப் பொருத்துதற்கு முன் அடித்தளத்தை நீரிற் தாழ்த்திச் சோதித்தல் வேண்டும். 1991 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23 ஆம் திகதி, ஸ்டவாங்கர் நகருக்கருகே கடற்கழியொன்றில் அவ்வாறு தாழ்த்துகையில், ஏறக்குறைய 65 மீற்றர் ஆழத்திற் சுவர் வெடித்து நீர் உட்புகுந்தது. மேலே நின்றோர் தப்பினர். அடித்தளமோ 220 மீற்றர் ஆழத்திற் சென்று வீழ்ந்து கற்குவியலாயிற்று. அவ்வீழ்ச்சி றிக்ரர் அளவில் 3 கொண்ட நிலநடுக்கமாகப் பதிவாகியது. மொத்த நட்டம் ஏறத்தாழ 70 கோடி அமெரிக்க டொலர்.

காரணம் யாது? அம்முக்கோண மூலைகளில் துண்டங்கள் பருமனாகவும் உருத்திரிந்தும் அமைக்கப்பட்டிருந்தன. அதனாற் கொய்தகைப்பு 47 வீதங் குறைவாக மதிப்பிடப்பட்டது, சுவர் மெலிந்தது. போதாக்குறைக்கு, மூலையைப் பிணைக்கும் உருக்குக் கம்பிகளும் நீளங்குறைந்தனவாக இருந்தன. விபத்தின் பின் நுண்ணிய துண்டங்கள் கொண்டு கணித்தபோது 62 மீற்றரிற் சுவர் தகருமென விடை கிடைத்தது. முறை பிழைத்ததன்று என்பது இதனாற் பெறப்படும்.

இனி இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 65 மீற்றர் ஆழத்தில் நீர் ஒவ்வொரு சதுர மீற்றரையும் ஏறக்குறைய 65 தொன் பாரத்தோடு அழுத்தும். சுவர்த்துண்டை இரு முனையுந் தாங்கப்பட்ட வளையாகக் கொண்டால், மொத்தப் பாரத்திற் பாதி ஒவ்வொரு முனையையுஞ் சாரும். இக்கணக்கு நம் உயர்தர வகுப்பு மாணவருக்கும் எட்டாததன்று; ஒரு தாளும் அரைமணி நேரமும் போதும். ஒப்புருவாக்கத்தின் செலவுக் கணக்கில் இவ்வரைமணி நேரத்தை யாரும் எழுதுவதில்லை. கணினியைக் கையாள்வோருக்குச் சம்பளங் கொடுக்கும் நிறுவனங்கள், அதன் விடையை ஐயுறுதற்கென ஒருவருக்குச் சம்பளங் கொடுக்கத் தயங்குகின்றன. அச்செலவால் விளையும் ஊதியம் எவ்வேட்டிலும் வரவாகத் தோன்றாமையே அதற்குக் காரணம் போலும்.

புதிய அடித்தளத்துக்குக் காலந் தாழ்த்த இயலாதிருந்தது. எனவே அனுபவமிக்க எந்திரிகள் கணினிக்கு முற்பட்ட கால முறைகளைக் கொண்டு கையாலேயே கணித்து வடிவமைத்தனர். கணினியின் புதிய விடைகள் வந்து சேர்ந்தபோது அடித்தளத்திற் பெரும்பகுதி கட்டப்பட்டுவிட்டது. 1993 ஆம் ஆண்டில் அம்மேடை எரிவாயு வழங்கத் தொடங்கியது.