இடம் மாறும் கொழுப்பு

வயிற்றிலோ தொடையிலோ மிகுதியாக இருக்கும் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதே மனிதருடைய முகத்திலோ மார்பிலோ பிட்டத்திலோ செலுத்தும் அறுவை மருத்துவம் ஒன்று உண்டு. கொழுப்பு மாற்று அறுவை என்று அதைக் கூறலாம். பிறருடைய சிறுநீரகத்தைப் பொருத்தினால் நம் உடல் அதை அயற்பொருள் என்று கண்டு எதிர்க்கும். சொந்தக் கொழுப்பை உடல் எதிர்ப்பதில்லை. "வீட்டிலுள்ள பொருளை ஓர் அறையிலிருந்து எடுத்து இன்னோர் அறையில் வைப்பது போலத்தானே? இதில் என்ன ஆபத்து?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், அழகுக்காகச் செய்யப்படும் அறுவைகளுள் உயிருக்கு மிகுந்த ஆபத்தானது என்று பெயர் பெற்றது இதன் ஒரு வகையே. காரணத்தைத் தேடினால், நீங்கள் வகுப்பில் படிக்கும் இரண்டு பாடங்களில் விடை கிடைக்கிறது. ஒன்று, விரவல், மற்றொன்று, பாய்மங்களின் அழுத்தம்.

மில்லிமீட்டர் கணக்கு

இம்முறை புதியதன்று. 1893-ஆம் ஆண்டிலேயே குஸ்டாவ் நாய்பர் என்னும் ஜெர்மன் அறுவை மருத்துவர், ஒரு நோயாளியின் கையிலிருந்து கொழுப்பை எடுத்து முகத்திலிருந்த வடுப்பள்ளத்தை நிரப்பினார். சிறு துண்டுகளே நல்ல பலன் தருகின்றன என்பதையும் அவர் கண்டார். ஏன் அப்படி?

கொழுப்பு என்றதும் நெய்யைப் போன்ற உயிரற்ற பொருளை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது உயிருள்ள செல்களால் ஆன திசு. அச்செல்களுக்கு இடைவிடாமல் ஆக்சிஜன் தேவை. இடம் மாற்றியதும் பழைய இரத்தக் குழாய்களின் தொடர்பு அறுந்துவிடுகிறது. புதிய குழாய்கள் முளைத்து வரச் சில நாட்கள் ஆகும். அதுவரை, சுற்றியுள்ள திசுவிலிருந்து விரவி வரும் ஆக்சிஜனை நம்பியே அவை வாழ வேண்டும். விரவலோ குறுகிய தூரத்துக்குத்தான் ஏற்றது. தூரம் 10 மடங்கானால், அதைக் கடக்க ஆகும் நேரம் 100 மடங்காகும். ஆகவே, ஓரத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டருக்கு அப்பாலுள்ள செல்கள் பெரும்பாலும் மடிந்துபோகின்றன. பெரிய கொழுக்கட்டையின் வெளிப்புறம் வெந்திருக்க, நடுப்பகுதி மட்டும் மாவாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே கதைதான் இதுவும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிலிட்டர் கொழுப்பை ஒரே உருண்டையாக வைத்தால் அதன் ஆரம் சுமார் 6 மில்லிமீட்டர். அதையே 1000 சம துளிகளாகப் பிரித்தால், ஒவ்வொன்றின் ஆரமும் சுமார் 0.6 மில்லிமீட்டர், மொத்தப் புறப்பரப்போ 10 மடங்காகிறது. கொழுப்பின் அளவு மாறவில்லை. ஆக்சிஜன் நுழையும் வாசல் மட்டும் பெருகிவிட்டது. இதனால்தான் தேர்ந்த மருத்துவர்கள் கொழுப்பை ஒரே இடத்தில் குவிக்காமல், மெல்லிய இழைகளாகப் பல இடங்களில் பரப்பி வைக்கின்றனர். அப்படிச் செய்தாலும் ஒரு பகுதி கரைந்துபோவதைத் தவிர்க்க இயலாது. மடிந்த கொழுப்பு எண்ணெய்க் கட்டியாகத் தங்கலாம். சுண்ணாம்பு படிந்து இறுகலாம். மார்பகத்தில் இத்தகைய கட்டிகள் எக்ஸ் கதிர்ப் படத்தில் ஐயத்தைக் கிளப்புவதும் உண்டு.

இவை தொல்லைகளே, பெரும்பாலும் உயிரைப் பறிப்பவை அல்ல. மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பின் இழந்த வடிவத்தை மீட்கவும், தீக்காயத் தழும்பை இளக்கவும் இம்முறை பயன்பட்டு வருகிறது. அவ்வாறாயின் உயிர்க்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

அழுத்தம் காட்டும் வழி

எந்தப் பாய்மமும் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கே பாயும். நம் தமனிகளில் இதயம் சுருங்கும்போது அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரசம். இதயத்துக்குத் திரும்பும் சிரைகளிலோ அது சில மில்லிமீட்டர்களே.

பிட்டத்தில் தோலுக்கு அடியில் ஒரு கொழுப்பு அடுக்கு இருக்கிறது. அதன் கீழே உறுதியான உறை போர்த்திய பெருந்தசை. அத்தசைக்கு அடியில் அகலமான, மெல்லிய சுவருடைய சிரைகள் ஓடுகின்றன. பிட்டத்தைப் பெரிதாக்கும் அறுவையில், பல நூறு மில்லிலிட்டர் கொழுப்பை உலோகக் குழல் வழியே செலுத்துகிறார்கள். குழலின் நுனி சற்று ஆழமாகத் தசைக்குள் இறங்கி, ஒரு சிரையைக் கிழித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திணிக்கப்பட்ட கொழுப்பால் தசைக்குள் அழுத்தம் கூடியிருக்கும். சிரைக்குள் அழுத்தம் மிகக் குறைவு. கிழிசல் வழியே கொழுப்பு சிரைக்குள் பாய்கிறது. அங்கிருந்து பெருஞ்சிரை, இதயத்தின் வலப்புற அறைகள், பிறகு நுரையீரல் தமனி. அத்தமனி மேலும் மேலும் கிளைத்துக் குறுகிக்கொண்டே போகிறது. கொழுப்பு அங்கே அடைத்துக்கொள்கிறது. இதயம் தள்ளும் இரத்தத்துக்கு வழியில்லை. சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம்.

முகத்தில் ஆபத்து வேறு வகையானது. அங்கே ஊசி நுனி தற்செயலாக ஒரு தமனிக்குள் நுழைந்து, விரலின் அழுத்தம் இரத்த அழுத்தத்தை விஞ்சினால், கொழுப்பு இரத்த ஓட்டத்தை எதிர்த்துப் பின்னோக்கிச் செல்லும். கண்ணுக்குப் போகும் தமனியை அடைந்தால் பார்வை பறிபோகலாம். விரலுக்கு அவ்வளவு வலிமை உண்டா என்று ஐயுற வேண்டாம். 1 மில்லிலிட்டர் ஊசிக்குழலில் உந்துதண்டின் குறுக்குப்பரப்பு சுமார் 0.2 சதுர சென்டிமீட்டர்தான். 20 நியூட்டன் விசையால், அதாவது 2 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு அழுத்தினால், உள்ளே சுமார் 10 வளிமண்டல அழுத்தம் உண்டாகும். இரத்த அழுத்தமோ ஒரு வளிமண்டலத்தின் ஆறில் ஒரு பங்கை எட்டுவதில்லை. ஆகவே மழுங்கிய நுனியுள்ள குழலைக் கொண்டு, மென்மையாக, ஒவ்வொரு முறையும் துளியளவே செலுத்த வேண்டும் என்பது விதி.

ஓர் எச்சரிக்கையின் வரலாறு

2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக உலகெங்கும் 692 அறுவை மருத்துவர்கள் விவரம் அளித்தனர். பிட்டக் கொழுப்பு மாற்று அறுவையில், சுமார் 3000 பேருக்கு ஒருவர் வரை உயிரிழக்கக்கூடும் என்று அதில் மதிப்பிட்டார்கள். இறந்தவர்களின் உடல்களை ஆராய்ந்ததில் ஓர் ஒற்றுமை தெரிந்தது: அனைவரிடமும் கொழுப்பு தசைக்குள் இருந்தது. தோலடி அடுக்கில் மட்டும் கொழுப்பு இருந்த ஒருவரும் அந்த வரிசையில் இல்லை. சில சென்டிமீட்டர் ஆழ வேறுபாடுதான் உயிருக்கும் சாவுக்கும் இடையே நின்றது.

2018-இல் பன்னாட்டு மருத்துவர் சங்கங்கள் இணைந்து, தசைக்குள் ஒருபோதும் செலுத்தக் கூடாது என்று எச்சரித்தன. அதே ஆண்டு பிரிட்டனின் அழகு அறுவை மருத்துவர் சங்கம், இந்த அறுவையையே செய்ய வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்கு அறிவுரை கூறியது. பின்னர் நடந்த ஒரு கணக்கெடுப்பில், உயிரிழப்பு சுமார் 15,000-க்கு ஒன்றாகக் குறைந்திருப்பதாக மதிப்பிடப்பட்டது.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மலிவு விலையில் இந்த அறுவையைச் செய்யும் நிலையங்கள் மலிந்த இடம், அமெரிக்காவின் தென் ஃபுளோரிடா. அங்கே 2010 முதல் 2022 வரை 25 பேர் இதனால் இறந்தனர். தசைக்குள் செலுத்துவதை அம்மாநிலம் 2019-இல் தடை செய்த பின்னும் இறப்புகள் தொடர்ந்தன. விதியை அறிந்த மருத்துவருக்கும், குழலின் நுனி எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது அல்லவா? நாளெல்லாம் ஒருவர் பின் ஒருவராக அறுவை செய்து களைத்த கை ஆழம் தவறுவது எளிது. எனவே 2022-இல், ஒரு மருத்துவர் நாளொன்றுக்கு மூன்று அறுவைகளுக்கு மேல் செய்யக் கூடாது, மீயொலிக் கருவியின் துணையும் வேண்டும் என்று மாநில மருத்துவ வாரியம் விதித்தது.

மீயொலி இங்கும் இயற்பியலே துணைக்கு வருவதைக் காட்டுகிறது. உடல் திசுவில் ஒலி விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்லும். 3 சென்டிமீட்டர் ஆழத்திலுள்ள தசை உறையில் பட்டு எதிரொலி திரும்ப ஆகும் நேரம், ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் சுமார் 40 பங்கு. அதை அளந்து படமாக்கினால், உறையும் குழலின் நுனியும் திரையில் தெரியும்.

எடை போட்டுப் பார்த்தல்

இவற்றைப் படித்து, அறுவை மருத்துவமே கூடாது என்று எண்ணிவிடாதீர்கள். குடல்வால் அழற்சி முற்றியவருக்கு அறுவை செய்யாமல் இருப்பதே பேராபத்து. அங்கே ஒரு தட்டில் ஆபத்து, மறு தட்டில் உயிர். நலமாக இருக்கும் ஒருவர் அழகுக்காக மேசையில் படுக்கும்போது, மறு தட்டில் இருப்பது தோற்றம் மட்டுமே. ஆகவே அங்கே பாதுகாப்பைப் பன்மடங்கு கடுமையாகக் கேட்க வேண்டும். செய்பவர் முறையாகப் பயின்ற அறுவை மருத்துவரா? கொழுப்பு எந்த அடுக்கில் வைக்கப்படும்? குழலின் நுனியை எப்படிக் காண்பார்? ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்கிறார்? இக்கேள்விகளைக் கேட்க மருத்துவப் பட்டம் தேவையில்லை.

விளம்பரப் படங்களில் அறுவைக்கு முன், அறுவைக்குப் பின் என்று இரண்டு தோற்றங்களை மட்டுமே காட்டுவார்கள். இடையே, தோலுக்கு அடியில் நடப்பதைக் காட்டுவதில்லை. அதை இனி நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.