விட்டிலும் புறாவும்

கொல்லி மலைக்குக் காரில் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை நான் எழுத வேண்டியதே இல்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கினால் மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். வயிற்றைப் புரட்டும்போது மட்டும் அந்த எண்ணைப் பார்த்துவிடாதீர்கள். இன்னும் 46 பாக்கி என்று தெரிந்தால் தலைசுற்றல் இரண்டு பங்காகிவிடும்.

நாங்கள் குடும்பத்தோடு போனபோது என் அக்காள் மகனும் கூட வந்தான். அவன் விமானி, ஜெட் விமானம் ஓட்டுகிறவன். சென்னையிலிருந்து சேலம் வரை அகலமான சாலை. அதில் கார் ஓட்ட அவனுக்கு மனசே வரவில்லை. பின் ஸீட்டில் தூங்கி வழிந்துகொண்டு வந்தான். காரவள்ளி வந்ததும் விழுந்தடித்து எழுந்து, "அப்பா, இனிமேல் நான்!" என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அப்புறம் அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பின்னால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்த எங்களுக்கு அந்தச் சந்தோஷத்தில் பங்கு இல்லைதான்.

மலைமேல் சீக்குப்பாறையில் நின்று, கீழே பாய் விரித்தாற்போல் கிடந்த சமவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனைக் கேட்டேன்: "உலகத்தில் இதுவரை வந்த விமானங்களில் ஒன்றை ஓட்டத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் எதைக் கேட்பாய்?"

ஒலியைவிட வேகமாகப் பறந்து, 2003-இல் ஓய்வு பெற்றுவிட்ட கான்கார்ட் விமானத்தைச் சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"மாத், சித்தி" என்றான்.

மாத் என்றால் விளக்கைச் சுற்றும் விட்டில் பூச்சி. இங்கிலாந்தில் விமானம் செய்த ஜெஃப்ரி டி ஹாவிலண்டுக்கு விட்டில் பூச்சிகளைச் சேகரிப்பதில் ஒரே பைத்தியம். அதனால் 1925 முதல் தாம் செய்த சின்ன விமானங்களுக்கெல்லாம் ஜிப்ஸி மாத், புஸ் மாத், டைகர் மாத் என்று பூச்சிகளின் பெயரையே வைத்தார். ஜிப்ஸி மாத் மரச் சட்டமும் துணியுமாகச் செய்தது. மேலே கூரை கிடையாது, இரண்டே இருக்கை. ஒருவர் கையால் விசிறியைச் சுழற்றிவிட்டுத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். சிறகுகளை மடக்கிக் கொட்டகையில் நிறுத்திவிடலாம், நாம் குடையை மடக்கி மூலையில் வைப்பதுபோல. 1936-இல் 21 வயது ஸர்லா தக்ரால் புடவை கட்டிக்கொண்டே ஜிப்ஸி மாத்தில் ஏறித் தனியாகப் பறந்தார். கூரை இல்லாத விமானத்தில், அந்தக் காற்றில், முந்தானையை எப்படிச் சமாளித்திருப்பார்!

"அதில் என்னடா அப்படி விசேஷம்?" என்று கேட்டேன்.

அவன் சொன்ன விளக்கம் இது. இந்தக் காலத்துப் பெரிய ஜெட் விமானங்கள் பலவற்றில் விமானி பிடியை அசைத்தால் அந்தச் செய்தி முதலில் கம்ப்யூட்டருக்குப் போகும். அது யோசித்துவிட்டு இறக்கையை அசைக்கும். பிரயாணிகளுக்கு அதுதான் பத்திரம். மாத் விமானத்தில் பிடியிலிருந்து இறக்கைக்கும் வாலுக்கும் நேரே கம்பி போகிறது. காற்று இறக்கையை உதைத்தால் உள்ளங்கையிலே தெரியும். "இப்போது 70 வளைவிலும் சக்கரம் என் கையோடு பேசியதே, அந்த மாதிரி" என்றான்.

இது இவன் ஒருவனுடைய கிறுக்கு இல்லை. 1929-இல் நம் நாட்டின் முதல் விமானி லைசென்ஸைப் பெற்ற ஜே. ஆர். டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு புஸ் மாத்தில் பறந்தார். ரேடியோகூட இல்லை. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் அந்தத் தபாலைப் பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டுவந்தார். பிற்பாடு பெரிய பெரிய ஜெட் விமானங்களை வாங்கிய கம்பெனிக்குத் தலைவராக இருந்தவர் அவர். ஆனால் 50-வது ஆண்டு நிறைவில், 1982-இல், தம் 78-வது வயதில் எதில் ஏறினார் தெரியுமா? அதே குடும்பத்து லெப்பர்ட் மாத்தில் ஏறி, அதே கராச்சி - பம்பாய் வழியில் தாமே ஓட்டி வந்தார். 2021-இல் அதே அக்டோபர் 15-இல் ஆரோஹி பண்டிட் என்ற யுவதி புஜ்ஜிலிருந்து ஆமதாபாத் வழியாகப் பம்பாய்க்கு ஒரு குட்டி விமானத்தில் தன்னந்தனியாகப் பறந்தார்.

சரி, எனக்கு ஆசை இல்லையா? உண்டு. ஓட்ட அல்ல, பின்னால் ஒரு மூலையில் உட்கார்ந்து வர. விமானத்தின் பெயர் 'டவ்', அதாவது புறா. அதுவும் டி ஹாவிலண்ட் கம்பெனி செய்ததே. இரண்டு எஞ்சின், எட்டுப் பேருக்கு இடம். 1951-இல் சென்னை அரசாங்கத்துக்காக அதை இங்கிலாந்திலிருந்து ஓட்டி வந்தவர்கள் காப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும். பாரிஸ், பாக்தாத், கராச்சி வழியாக 27 மணி நேரத்தில் இந்தியா வந்து சேர்ந்தார்கள். காரில் திருச்சிக்குப் போவதற்குள் வழி பற்றி நாலு சண்டை போடும் தம்பதிகள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்!

உஷா சுந்தரம் கணவருக்குத் துணையாக மட்டும் பக்கத்தில் உட்கார்ந்தவர் அல்ல. பெங்களூர் ஜக்கூரில் உள்ள அரசாங்க விமானப் பயிற்சிப் பள்ளியில் தேறி 1949-இல் லைசென்ஸ் வாங்கியவர். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று பெயர் பெற்றவர். மைசூர் மகாராஜாவின் டக்கோட்டா விமானத்தில் நேரு, பட்டேல் முதலிய தலைவர்களை இந்தத் தம்பதி ஏற்றிச் சென்றிருக்கிறார்கள். சென்னையில் தெரு நாய்களுக்கு அடைக்கலம் தரும் புளூ கிராஸ் சங்கத்தைத் தொடங்கியவர்களும் இவர்களே. 2010-இல் உஷா காலமானார். புளூ கிராஸை அறிந்த அளவுக்கு அந்த 27 மணி நேரத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பழைய விமானம் மறுபடி பறப்பது எளிதல்ல. மரமும் துணியும் நைந்துபோகும், உதிரி பாகம் அகப்படாது. 2011-இல் அயர்லாந்தில் கிடந்த ஒரு டக்கோட்டாவை ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, பல வருஷம் பழுதுபார்த்து, நம் விமானப் படைக்குப் பரிசாகக் கொடுத்தார். அவருடைய தந்தை டக்கோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் அது இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, ஒன்பது நாளில் ஜாம்நகரில் வந்து இறங்கியது. வயதான உடம்பு, அங்கங்கே தங்கித்தானே வர வேண்டும்?

மலையை விட்டு இறங்கும்போது முன் ஸீட்டுக்குச் சண்டை வந்தது. என் பெண் ஜெயித்தாள். முதல் வளைவிலேயே, "அண்ணா, அந்த டவ் விமானத்தில் உஷா அம்மா ஓட்டணும்னா எந்தப் பக்கம் உட்காரணும்?" என்று கேட்டாள்.

"எந்தப் பக்கம் வேணும்னாலும் உட்காரலாம். ரெண்டு பக்கமும் பிடி உண்டு" என்றான் அவன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இன்னும் 69 வளைவு பாக்கி. நான் எலுமிச்சம்பழத்தைத் தேட ஆரம்பித்தேன்.