சீலிங்குக்குப் பூ அலங்காரம்... வீட்டிலேயே செய்யலாம், கவனமாக!

ஹால் சீலிங்கில் ஃபேனைச் சுற்றி ஒரு வட்டப்பூ, நான்கு மூலைகளிலும் இலைக்கொடி. இவ்வளவு இருந்தாலே அறைக்குத் தனிக்களை வந்துவிடும். ஒரு சிலிகான் மோல்டும் ஒரு பை பிஓபியும் இருந்தால் இவற்றை வீட்டிலேயே வார்த்தெடுக்கலாம். ஆனால், தலைக்கு மேலே நிற்கப்போகிற பொருள் இது. அழகைவிடப் பிடிமானம்தான் முக்கியம்.

கல்லாகும் மாவு

ஜிப்சம் கல்லைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை வெளியேற்றினால் கிடைப்பதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்கிற பிஓபி. தண்ணீர் சேர்ந்ததும், இழந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடியும் ஜிப்சமாக இறுகிவிடும். அப்போது வெப்பமும் வெளியாகும்.

வார்ப்பது எப்படி?

* 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 1.4 கிலோ மாவு போதும். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும்.

* ஓரிரு நிமிடம் ஊறவிட்டு மெதுவாகக் கலக்குங்கள். வேகமாக அடித்தால் காற்றுக்குமிழ்கள் சேர்ந்து, பூவில் ஓட்டைகள் விழும்.

* மோல்டின் நுணுக்கமான இடங்களில் முதலில் பிரஷ்ஷால் பூசிவிட்டு, பிறகு ஊற்றுங்கள். பெரிய துண்டு என்றால் பாதி ஊற்றியதும் தேங்காய் நாரைப் பிரித்துப் பரப்பி, மீதியை ஊற்றுங்கள். பின்னாளில் விரிசல் விட்டாலும் துண்டு உடைந்து விழாமல் நார் பிடித்துக்கொள்ளும்.

* இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள், வலு போய்விடும்.

* சூடேறி, ஆறிய பிறகே மோல்டை உரிக்க வேண்டும். பிறகு சில நாள்கள் சமதளத்தில் வைத்து உலர்த்துங்கள். தொட்டால் சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் காயவில்லை என்று அர்த்தம்.

கையைப் புதைக்காதீர்கள்!

கெட்டியாக ஊற்றிய பிஓபி, இறுகும்போது 60 டிகிரி வரை சூடாகலாம். 2007-ல் இங்கிலாந்தில் ஓவிய வகுப்பில் பிளாஸ்டருக்குள் கைகளை வைத்த 16 வயது மாணவி, தீக்காயத்தால் பெரும்பாலான விரல்களை இழந்தார். எனவே, குழந்தைகளின் கையை இதில் பதித்து அச்செடுக்கும் ஆசை வேண்டவே வேண்டாம். கலக்கும்போது மாஸ்க்கும் கையுறையும் அணியுங்கள். மிச்சக் கலவையைச் சிங்க்கில் கொட்டினால் குழாய்க்குள்ளேயே இறுகி அடைத்துக்கொள்ளும். பக்கெட்டிலேயே இறுகவிட்டு, உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

ஒட்டும்போது...

பெயின்ட் அல்லது சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஒட்டினால், அந்தப் பூச்சு உரியும்போது பூவும் சேர்ந்து விழும். ஒட்டும் இடத்தைச் சிமென்ட் பூச்சு தெரியும்வரை சுரண்டுங்கள். பூவின் பின்பக்கத்தில் கீறல்கள் போட்டு, இரண்டு பக்கமும் தண்ணீர் தெளித்து, பிஓபி கலவையால் ஒட்டி, இறுகும்வரை முட்டுக்கொடுங்கள்.

கையில் எடுத்தால் கனமாகத் தெரியும் துண்டுக்கு ஒட்டு மட்டும் போதாது. சீலிங்கில் துளையிட்டு, துருப்பிடிக்காத ஸ்க்ரூவால் முடுக்க வேண்டும். உள்ளே வயர் ஓடலாம் என்பதால் இந்த வேலையை எலெக்ட்ரீஷியன் அல்லது பிஓபி வேலை தெரிந்தவரிடம் விடுவது நல்லது. ஃபேனின் எடை கான்கிரீட்டில் பதித்த கொக்கியில்தான் இருக்க வேண்டும். பூவின் மேல் துளியும் இறங்கக் கூடாது.

மழைக்கு ஒழுகும் சீலிங்குக்கும் குளியலறைக்கும் பிஓபி ஒத்துவராது; ஈரத்தில் ஊறி வலுவிழந்துவிடும். ஒழுகலைச் சரிசெய்து, ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு பூவை ஏற்றலாம். முதல் முயற்சிக்கு உள்ளங்கை அளவிலான மூலைப்பூ போதும்.