நத்தையை அளக்கிறவர்கள்

"பாறையில் ஒட்டிக்கிடக்கும் நத்தையை அளப்பதற்குக்கூட ஆட்கள் இருக்கிறார்களா? அளந்துதான் என்ன ஆகப்போகிறது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இருக்கிறார்கள் ஐயா, சம்பளம் வாங்காமலே.

கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் உள்ள கப்ரியோ தேசிய நினைவிடத்துக் கடற்பாறைகளில் 1990 முதல் கணக்கெடுப்பு நடக்கிறது. பூங்காக்காரர்களோடு தன்னார்வலர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். கடல் நன்றாக உள்வாங்கும் ஓரிரு மணி நேரம்தான் அவகாசம். பாறையில் முடுக்கிய போல்ட்தான் அடையாளம். ஒவ்வொரு முறையும் அதே இடம். நட்சத்திர மீன், கொட்டலசு, பாசி எல்லாம் கணக்கில் வரும். என் அபிமானம் ஆந்தை லிம்பெட்.

தொப்பி கவிழ்த்த மாதிரி ஓடுள்ள நத்தை இது. காலிப்பரை வைத்து நீளம் பார்த்து, ஓட்டின்மேல் மெழுகுக் கட்டியால் ஒரு கோடு இழுக்கிறார்கள். இல்லாவிட்டால் அதையே மறுபடி அளந்துவிடுவார்கள்.

பெரிய ஆந்தை லிம்பெட்டுக்குச் சொந்த நிலம் உண்டு. சுமார் ஒரு சதுர அடிப் பாறை. அதில் படரும் மெல்லிய பாசியை மேய்ந்துவிட்டு, தன் ஓடு கச்சிதமாகப் பொருந்தும் பழைய இடத்துக்கே திரும்பும். வேறு லிம்பெட் உள்ளே வந்தால் ஓட்டால் முட்டித் தள்ளிவிடும். வரப்பை ஒரு சாண் நகர்த்தியதற்கு ஆயுசு முழுக்கப் பேசாமலிருந்த என் பெரியப்பாக்கள் இருவரும் தோற்றார்கள்.

இன்னொரு விசேஷம்: சிறிசாக இருக்கும்போது ஆண், வளர்ந்து பெரிசானபின் பெண். தின்பதற்கோ தூண்டிலில் கோக்கவோ எடுக்கிறவர்கள் எதை எடுப்பார்கள்? பெரிசைத்தான். போவது பெரும்பாலும் தாய்.

அருங்காட்சியகங்களில் கிடந்த பழைய ஓடுகளோடு தென் கலிஃபோர்னியாவின் இன்றைய நத்தைகளை ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வந்தது. நூறாண்டில் பல வகை நத்தைகள் சிறுத்துவிட்டன. காவல் உள்ள கப்ரியோவில் மட்டும் பெரிய ஆந்தை லிம்பெட்டுகள் மிஞ்சியிருந்தன.

வெறுமனே தலையை எண்ணியிருந்தால் இந்தச் சிறுத்தல் கண்ணில் பட்டே இருக்காது. ஆனால் இதற்கெல்லாம் காசு கேட்டுப் போனால், "புதிதாக என்ன கண்டுபிடித்தீர்கள்?" என்பார்கள். போன வருஷம் அளந்ததையே இந்த வருஷமும் அளந்தோம் என்று சொன்னால் யார் கொடுப்பார்கள்? அதனால்தான் சம்பளமில்லாத ஆட்கள் காலிப்பரோடு போகிறார்கள்.