மூச்சை அடக்கினால் புழுதிக்குத் தப்பலாமா? “மாதிரி நுரையீரல்” சொல்லும் சேதி!

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள்? “மூச்சை அடக்கிக்கப்பா!” என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஜனங்களுக்கு இது பழகிப்போன காட்சி.

இழுக்கும் முன்பே அடக்கினால் சரி. ஆனால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தானே அடக்குகிறோம்? அங்கேதான் வம்பு!

தலைகீழ் மரம்

நுரையீரல் வெறும் பை அல்ல. தலைகீழாக நட்ட மரம். மூச்சுக்குழாய்தான் அடிமரம். அது 2 ஆக, 4 ஆக, 8 ஆக... இப்படி சுமார் 23 தடவை பிரிகிறது. நுனியில் கோடிக்கணக்கான காற்றுப்பைகள்.

சுவிட்சர்லாந்து விஞ்ஞானி எவால்ட் வைபெல் இதை அளந்து 1963-ல் புத்தகமாகப் போட்டார். கம்ப்யூட்டரில் நுரையீரலைக் “கட்டுகிற” பலருக்கும் இன்றுவரை அதுதான் பிளான்! பெரிய குழாய்களை நோயாளியின் சி.டி. ஸ்கேனைப் பார்த்தே வரைந்துவிடுகிறார்கள். நுனிக்கிளைகள் ஸ்கேனில் தெரியாது. அங்கே கணக்குத்தான் கை கொடுக்கிறது.

ஐ.ஐ.டி.யில் சோதனை

சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் மகேஷ் பஞ்சக்னுலா குழுவினர், நுரையீரலின் சிறு கிளைகளைப்போல 0.3 முதல் 2 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள நுண்குழாய்களை வைத்து சோதித்தனர். ஒளிரும் துகள் கலந்த நீர்த்திவலைகளை உள்ளே அனுப்பிப் பார்த்தனர். 2020-ல் முடிவு வெளியானது. மூச்சின் வேகம் குறைந்தால் துகள்கள் உள்ளே தங்கும் நேரம் கூடுகிறது, ஒட்டிக்கொள்வதும் கூடுகிறது!

கொரோனாவுக்காக நடந்த ஆராய்ச்சி இது. ஆனால் நுண்தூசியும் இதே வழியாகத்தானே போகிறது?

2023-ல் ஐ.ஐ.டி., கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் மூன்றையும் சேர்ந்த விஞ்ஞானிகள் இன்னொரு கணக்குப் போட்டனர். மூக்கு, தொண்டையில் உள்ள வைரஸ் திவலைகள் மூச்சோடு ஆழத்துக்கு இறங்கினால், அறிகுறி தோன்றிய இரண்டரை முதல் 7 நாளுக்குள் நுரையீரலைத் தாக்கலாம் என்றது அந்தக் கணக்கு.

மருந்துக்கு நல்லது

ஆஸ்துமாக்காரரிடம் டாக்டர் என்ன சொல்கிறார்? “இன்ஹேலரை இழுத்ததும் 10 செகண்ட் மூச்சை அடக்குங்க!” மருந்து உள்ளே படியவேண்டும் அல்லவா! மருந்துத்துகள் எந்த அளவில் இருந்தால் எந்தக் கிளைவரை போகும் என்பதையும் கம்ப்யூட்டர் நுரையீரல் கணக்குப் போட்டுச் சொல்கிறது.

ஆக, அடக்கிய மூச்சு மருந்துக்கு நண்பன், புழுதிக்கும் நண்பன்!

தார்ப்பாய் எங்கே?

அப்படியானால் என்ன செய்வது? புழுதியைவிட்டு விலகி நிற்கவேண்டும். கர்ச்சீப் மண்ணைத் தடுக்கும். மில்லிமீட்டரில் 400-ல் ஒரு பங்கே உள்ள நுண்துகளைத் தடுக்காது. அதற்கு முகத்தோடு ஒட்டிய என்-95 மாஸ்க் வேண்டும்.

ஆனால் ஜனங்களே எத்தனை நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்பது? லாரிக்குத் தார்ப்பாய், புகைபோக்கிக்கு வடிகட்டி - இதுதான் அசல் வைத்தியம்!