மலிவு விலை 'சாட்டா' கேபிள் வாங்கலாமா? கணினி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை

ஹைதராபாத்: கணினி திடீரென உறைந்து நிற்கிறது, கோப்புகளை நகலெடுக்க நெடுநேரம் ஆகிறது, சில வேளைகளில் ஹார்ட் டிஸ்க்கே திரையில் காணாமல் போகிறது. இந்த அறிகுறிகளைக் கண்டதும் டிஸ்க் பழுதாகிவிட்டது என முடிவு செய்து, பல ஆயிரம் ரூபாய் செலவிட்டுப் புதியது வாங்குவோர் உண்டு. ஆனால், நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு கேபிளே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும்.

சிறு தொழிற்கூடங்கள் நிறைந்த சனத்நகர் பகுதியில் வசிப்போர், இத்தகைய உதிரி பாகங்களை வாங்க செகந்திராபாத்தின் பார்க்லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டருக்குச் செல்லலாம். சென்னை ரிச்சி தெருவைப் போலக் கணினிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற வளாகம் அது. இத்தகைய சந்தைகளில், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் கேபிள்கள் வெவ்வேறு விலைகளில் விற்கப்படுகின்றன. அவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

'சாட்டா 3' என்ற முத்திரை அவசியமா?

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி ஆகியவற்றை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா தரவு கேபிளில் 7 கம்பிகள் உள்ளன. அவற்றுள் 4 கம்பிகள் இரண்டு இணைகளாகத் தரவைக் கடத்துகின்றன. எஞ்சிய 3 கம்பிகள் தரையிணைப்புக்கானவை.

சாட்டாவின் வேகம் விநாடிக்கு 1.5 ஜிகாபிட்டில் தொடங்கி, 3 ஜிகாபிட்டாகவும், 2009ஆம் ஆண்டில் 6 ஜிகாபிட்டாகவும் உயர்ந்தது. எனினும், கேபிளின் அமைப்பு மாறவில்லை. தரமான பழைய கேபிளே புதிய வேகத்துக்கும் போதுமானது. எனவே, 'சாட்டா 3' என்ற எழுத்துக்காகவோ நிறத்துக்காகவோ கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

கேபிளின் நீளம் 1 மீட்டருக்கு மிகாமல் இருக்க வேண்டும். தேவைக்கு ஏற்ற குறைந்த நீளமே நல்லது. முனையில் உலோகக் கொக்கி உள்ள கேபிள், அதிர்வினால் எளிதில் கழன்றுவிடாது. இணைப்பு முனை தளர்வாகவோ, பிளாஸ்டிக் விரிசலுடனோ இருந்தால் தவிர்க்க வேண்டும். பொருத்தும்போது கேபிளைக் கூர்மையாக மடிக்கக் கூடாது.

பழுது கேபிளிலா, டிஸ்க்கிலா?

கேபிளில் தரவு சிதைந்தால், கணினி அதைக் கண்டறிந்து மீண்டும் அனுப்பச் சொல்கிறது. இது அடிக்கடி நிகழும்போது வேகம் குறைகிறது. இந்தப் பிழைகளை டிஸ்க் தனது 'ஸ்மார்ட்' பதிவேட்டில் எண்ணி வைக்கிறது. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் இலவச மென்பொருள்களில், பெரும்பாலும் 199ஆம் எண்ணில் 'சிஆர்சி பிழை' என்ற பெயரில் இதைக் காணலாம். இந்த எண்ணிக்கை பொதுவாகக் குறைவதில்லை. கேபிளை மாற்றிய பிறகு அது மேலும் உயராமல் நின்றுவிட்டால், பழுது கேபிளில்தான் இருந்தது எனக் கொள்ளலாம்.

மின் இணைப்பில் சிக்கனம் வேண்டாம்:

தரவு கேபிள் மோசமாக இருந்தால் பெரும்பாலும் வேகமே குறையும். மின் இணைப்புக் கேபிளின் நிலை அப்படியன்று. பழைய பவர் சப்ளையின் 4 முனை மோலெக்ஸ் இணைப்பை 15 முனை சாட்டா இணைப்பாக மாற்றும் மலிவான அடாப்டர்களில் தீ விபத்து அபாயம் உண்டு. குறிப்பாக, கம்பிகளின் மீது பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்துச் செய்யப்படும் வகையில், உள்ளே கம்பிகள் நெருங்கி மின்கசிவு ஏற்பட்டு, இணைப்பு உருகக்கூடும்.

அதேபோல், ஒரு நிறுவனத்தின் பவர் சப்ளைக்கான கழற்றி மாட்டும் கேபிளை வேறு நிறுவனத்தின் பவர் சப்ளையில் செருகக் கூடாது. முனை பொருந்தினாலும் உள்ளே கம்பிகளின் வரிசை மாறியிருக்கலாம். தவறான மின்னழுத்தம் பாய்ந்தால் டிஸ்க் நொடியில் செயலிழக்கும். அதில் உள்ள குடும்பப் படங்களும் கடைக் கணக்குகளும் மீளாமல் போகலாம்.

பொருள் எதுவாயினும் ரசீது கேட்டுப் பெறுவது நல்லது. குறையுள்ள பொருளை விற்பனையாளர் மாற்றித்தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, டிஸ்க் தடுமாறத் தொடங்கிய உடனேயே முக்கியக் கோப்புகளை வேறொரு சாதனத்தில் நகலெடுத்து வைத்துவிட்டு, அதன் பின்னரே கேபிளை மாற்றிப் பார்ப்பது பாதுகாப்பானது.